வட்ட முத்திரை

குதைபியாவில்,
சலூனுக்கும் சாவி வெட்டுகிறவனுக்கும் நடுவே
எட்டடி அகலம் என் கடை.
இந்தத் தீவில் எத்தனை சங்கம் என்று
யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள்.
எனக்கு ஓரளவு தெரியும்.
ரப்பர் முத்திரை செய்கிறவன் நான்.
வட்டம் இரண்டரை தினார். மை தனி.

மேல் இழுப்பறையைத் திறந்தால்
தலைவர், செயலர், பொருளாளர்
தலைகீழ் எழுத்தில் கிடப்பார்கள்.
ஒரே ஊர்க்காரர்களுக்கு இரண்டு வட்டம்.
ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிது என்று பிரிந்தவர்கள்
இரண்டுக்கும் என்னிடமே வந்தார்கள்.
கல்யாணமாகாத நர்சுகளுக்கு ஒரு மன்றம் உண்டு.
தலைவிக்குக் கல்யாணம் நிச்சயமானதும்
லெட்டர்பேடில் பெயர் மாற்ற அவளே வந்தாள்,
வெட்கப்பட்டுக்கொண்டு.
வெள்ளிக்கிழமை காலை
கார் நிறுத்துமிடத்தில் அ, ஆ சொல்லித் தருகிறவர்கள்.
நோன்பு மாதம் முழுக்க
அறுநூறு கிண்ணம் கஞ்சி ஊற்றிவிட்டு
மிச்சப் பதினோரு மாதம் வாட்ஸப்பில் சண்டை போடுகிறவர்கள்.
அரிய வகை ரத்தக்காரர்கள் ஒன்பது பேர்.
அவர்களில் இருவர் பேசிக்கொள்வதில்லை,
கூப்பிட்டால் ஒரே டாக்ஸியில் போவார்கள்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தையை மட்டும்
நான் அச்சடிப்பதில்லை: நன்கொடை.
அதற்கு அனுமதி வேண்டும், தாள் வேண்டும், வேறு முத்திரை வேண்டும்.
'குடும்ப சந்திப்பு' என்று போடுவோம் அண்ணே என்பேன்.
குடும்பம் ஊரில் இருக்கும்.
சந்திப்பு நடக்கும்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், பெர்னதெத் என்று பெயர்.
ஆராய்ச்சியாம்.
உறுப்பினர் எத்தனை, ஆண்டு வரவு எவ்வளவு,
நோக்கம் என்ன: கல்வி, மருத்துவம், கலை, இதர.
பழைய பில் கட்டுகளை அவிழ்த்து
இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம்.
நூற்றுப் பதினேழு.
அதில் எண்பதுக்கு மேல் 'இதர'வில் விழுந்தது.
"இந்தக் கட்டம் தாங்காது போலிருக்கே" என்றாள்.
ஏலக்காய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மீரான் கனியை அவளிடம் சொல்லவில்லை.
அவருக்கு முத்திரை கிடையாது.
மாதத்தில் ஒருநாள், சில மாதம் மூன்று நாள்,
யாரோ ஒருவரின் பாஸ்போர்ட்டை
ஆறு நகல் எடுக்க வருவார்.
நகல் சூடாக வெளியே வரும்.
இரு கையாலும் வாங்கிக்கொள்வார்.
பிணவறை, கம்பெனி, தூதரகம், சரக்கு விமானம்.
அந்த வரிசையை அவர் தூக்கத்திலும் சொல்வார்.
ஜெபமணியும் தங்கமாரியும் கூடப் போவார்கள்.
எனக்குத் தெரிந்து அவர்கள் கூட்டம் போட்டதில்லை,
கேக் வெட்டியதில்லை.

முந்தாநாள் கடை அடைக்கும் நேரம்.
சரக்குக் கவுன்ட்டரில் புதிய பையன்
எந்த அமைப்பு என்று கேட்டானாம்.
"ஒரு வட்டம் போட்டுக் கொடு தம்பி."
பெயர் என்ன போட?
மூவரும் முகம் பார்த்துக்கொண்டார்கள்.
மனிதநேயம் என்றான் ஜெபமணி.
அதில் ஏற்கெனவே ஐந்து வெட்டியிருக்கிறேன்.
கரம், சிறகு, விழுது, எல்லாம் போய்விட்டது.
கடைசியில் தங்கமாரிதான் சொன்னான்,
ஷட்டர் கம்பியைப் பிடித்தபடி:
"நாலு பேர்னு போடுங்க."

மூன்று பேர்தானே இருக்கீங்க என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மீரான் கனி என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.
போன பங்குனியில் ஒரு ராத்திரி
சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல்
ஷட்டரை இறக்கிவிட்டு நான் போயிருந்தேன்.
அதற்கப்புறம் இரண்டு தடவை.
மூன்றோ.

வட்டத்துக்குக் காசு வாங்கவில்லை.
மை எழுநூறு பில்ஸ்.
அதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.