கடைசி எழுத்து

குயிநோன் துறைமுகத்துக்குப் பின்னால்
உப்புக்காற்று துருவேற்றும் முற்றத்தில்
லாரி ஒன்றுக்கு இரும்புச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பலகையும் மணல்மூட்டையும்தான்.
அக்டோபர் மழையைக் குடித்துக் குடித்து
மூட்டைகள் ஊதின. பட்டைவில் முறிந்து
மலை வருமுன்னே மண்டியிட்டது வண்டி.
பிறகு தகடு: கொஞ்சம் திருட்டு,
கொஞ்சம் பீருக்கு மாற்று.
சுவருக்குள் சுவர், நடுவே ஒரு சாண் வெற்றிடம்.
அந்த ஒரு சாணில் தோட்டா களைத்துவிடுமாம்.
மூலைக்கொரு துப்பாக்கி.
கூரை வைக்கவில்லை.

கறுப்பு அடித்த பிறகு
பெயர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் லுவா.
சவரக்கடைப் பலகை, மீன்சாற்று ஜாடி,
சவ ஊர்வலத் துணி, எதிலும் எழுதுவேன்.
அவர்கள் எழுத்தும் எங்கள் எழுத்தும் ஒன்றுதான்,
தொப்பியும் வாலும் இல்லாமல் மொட்டையாக நிற்கும்,
அவ்வளவே.

ஒடெல்லா என்று எழுதச் சொன்னான் பிக்கெட்.
மனைவியா என்று சைகையில் கேட்டேன்.
காதுகளைக் கையால் நீட்டிக் காட்டிக் கனைத்தான்.
ஆர்கன்சாவில் அவன் அப்பாவின் கோவேறு கழுதை.
உதைக்கும். ஆனால் சுமக்கும்.
முழ உயரத்தில் மஞ்சளாக எழுதினேன்.
கூலி நாலு டின் பீச் பழம், இரண்டு இப்போது,
இரண்டு பிறகு.

முப்பது பெட்ரோல் லாரிகளுக்கு நடுவே
ஒடெல்லா அன்கே கணவாய் ஏறிப்
பத்தொன்பதாம் சாலையில் பிளேய்கூ போய் வந்தாள்.
மூன்றாம் நடையில் ஒரு துளை,
கடைசி ஆவுக்குச் சரியாகக் கீழே.
உட்சுவர் பிக்கெட் நிற்கும் இடத்தில்
கொழுக்கட்டை போல வீங்கியிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்க வேண்டும்:
எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்தால்
எங்கள் மொழியில் அது கனத்த தொனி.
பேச்சின் முடிவில் அப்படி ஓர் ஆ வந்தால்
பெரியவர்களிடம் பணிந்து பேசுவதாக அர்த்தம்.
உறுமுகிற வண்டிக்கு அப்படியொரு மரியாதை.

தெத் இரவில் சித்தி மகன் தியெப் வந்தான்,
மலையிலிருந்து, செருப்பில்லாமல்.
பான் தெத் இரண்டை உரித்து உரித்துத் தின்றான்.
"கறுப்பு வண்டி ஒன்று வருகிறது, அக்கா.
மஞ்சள் எழுத்து. புகையிலும் கண்ணைப் பறிக்கும்.
அந்தக் கடைசி எழுத்தில் வைத்துத்தான்
குறி பார்க்கிறேன். எழுதியவனுக்கு
நல்ல கை."
தேநீர் ஊற்றினேன்.
ஊற்றியது வழிந்து பாய்வரை போனது.

வண்ணம் உரிந்துவிட்டது என்று நானே போய்ச் சொன்னேன்.
ஐந்து எழுத்தை அப்படியே விட்டேன்.
கடைசியை மட்டும் கறுப்பால் அழித்து
இரண்டு முழம் பின்னே தள்ளி எழுதினேன்,
ஆள் நிற்காத மூலையில்,
உதிரிச் சக்கரம் கட்டியிருக்கும் இடத்தில்.
கோணல், என்றான் பிக்கெட்.
கடல் பக்கம் கை காட்டினேன்: காற்று.
பழைய துளை தன் எழுத்தை இழந்து
வெறும் துளையாக நின்றது.

பதினொரு நாள் கழித்துத் திரும்பினாள் ஒடெல்லா.
உதிரிச் சக்கரம் கந்தல் கந்தலாய்.
புது இடத்து ஆவுக்கு நேர் கீழே
புதுப் புள்ளி, விரல் நுழையும் அளவு.
பிக்கெட் விரலை விட்டுக் காட்டினான்.
அன்று அவன் துப்பாக்கி எவ்வளவு நேரம் பேசியது,
மேட்டின் மூங்கில் எப்படிச் சாய்ந்தது என்று
இரு கையாலும் நடித்தான்.
பிள்ளை போல் இருந்தது அவன் முகம்.
பாக்கி டின்களை அன்றே கொடுத்துவிட்டான்,
கூட ஒன்றும் சேர்த்து.

அடுத்த தெத்துக்கும்
கணக்கு மாறாமல்தான் கட்டி அவித்தேன்.
விடிந்தபோது இரண்டு மிஞ்சியிருந்தன,
இலை பிரிக்காமல்.