இடது கை

லீவு சரண்டர் பணம்
இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்
காக்கிச் சட்டைப்பையில் மடங்கிக் கிடக்க
ஊட்டி கமர்ஷியல் ரோட்டில்
ஃபைரோஸ் கடைக் கண்ணாடி மேல்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்று பச்சைப் பிள்ளை போல
இரண்டு கையாலும் வாங்கச் சொல்கிறது.
இன்னொன்று தீப்பெட்டிக்கு அண்ணன்.

பெரியதன் கண்ணில் என் கண்ணை ஒட்டினேன்.
எதிர்ச்சாரி பேக்கரியில் அடுக்கிய வர்க்கிகளை
மடிப்பு மடிப்பாக எண்ணிவிடலாம் போலிருந்தது.
அமுக்கினேன்.
சளக்.
ஒரு இமைப்பு இருட்டு.

'என்னப்பா, கண்ணை மூடிக்குது?'

உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறதாம்.
அது எழுந்து வழிவிட்டால்தான்
வெளிச்சம் படமாகப் போய் விழுமாம்.
அப்படியென்றால்
எந்தக் கணத்தை எடுத்தேனோ
அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

பதினாறு வருஷமாகக் கோத்தகிரி மேட்டுப்பாளையம்
ஏறி இறங்குகிறவனுக்கு இது புதிதா?
குஞ்சப்பனையில் பலா மரத்தடியில் யானை என்று
வண்டி மொத்தமும் வலப்பக்கம் சாயும்போதெல்லாம்
நான் மூன்று ரூபாய் சில்லறைக்குப்
பைக்குள் குனிந்திருப்பேன்.

சின்னதை எடுத்தேன்.
முதுகுத் திரையில் ரோடே தெரிந்தது,
வெயில் விழுந்தால் என் மூக்கு மட்டும்.
அமுக்கினால் யோசிக்கிறது.
டபுள் விசில் கொடுத்த பிறகும்
கியர் விழாமல் உறுமும் பழைய வண்டி மாதிரி.
பேக்கரிக்காரர் தும்மப் போனார்,
எடுத்தேன்,
கிடைத்தது கைக்குட்டை.

'பெருசுன்னா லென்ஸ் மாத்தலாம் சார்.
இன்னைக்கு கூடவே வர்றது, அப்புறமா பெரிய ஜூம்,
காட்டெருமையோட இமை மயிர்கூட வரும்.'
அப்புறம் என்பது
இன்னும் எத்தனை சரண்டர் என்று
மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

ஃபைரோஸ் நல்லவன், கேட்காததையும் சொன்னான்.
ஜூன் பிறந்தால் இந்த மலையில்
உள்பாவாடைகூடக் காயாது,
லென்ஸுக்குள் பூஞ்சை வந்து வலை கட்டும்,
அரிசி டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள் என்று.
எங்கள் வீட்டில் அரிசி டப்பா ஒன்றுதான்.
அதில் ரேஷன் கார்டு இருக்கிறது.

தவமலருக்குப் போன் போட்டேன்.
ஃபேக்டரியில் தேயிலைச் சல்லடை குலுங்குகிற சத்தம்.
இரண்டையும் விளக்கினேன், விலையோடு, எடையோடு.
'பெருசு வாங்குனா என்னத் தொட விடுவீங்களா?'
பதில் சொல்ல எனக்கு
ஒரு ஸ்டாப்பிங் தூரம் ஆயிற்று.
அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

எனக்கு வேண்டிய படங்கள் இவ்வளவுதான்:
அரவேணுவில் ஏறி
கேரட் மூட்டைமேல் தலைசாய்ந்து
பர்லியாறு போகிறவள் போலத் தவறான பஸ்ஸில்
தூங்கிக்கொண்டே வரும் அந்தப் பெண்,
எழுப்பி இறக்கிவிடுவதற்கு முன்னால்.
திடீரென்று முன்கண்ணாடியில் மேகம் வந்து அப்ப
டிரைவர் பெள்ளி ஸ்டியரிங்கை விடாமல்
கழுத்தை மட்டும் வெளியே நீட்டும் நீட்டு.
செக்போஸ்ட் குரங்குக்குத் தன் பஸ் பாஸைக் காட்டிய
ஏழாம் வகுப்புப் பையன்.
அவன் இனி காட்டமாட்டான். போனது போனதுதான்.

வலக்கையில் டிக்கெட் மெஷின்.
தோளில் பை. வாயில் விசில்.
மிச்சம் இடது கை,
அதுவும் கம்பிக்குச் சொந்தம்.
ஒரு வளைவு முடிந்து
அடுத்த வளைவு தொடங்கும் முன்னால்
கொஞ்சம் கடன் கேட்கலாம்.

'சின்னதையே போடுங்க.'

சொன்ன பிறகும் கண் பெரியதன் மேலேயே இருந்தது.
அது கண்ணாடி மேல் தனியாக,
மூடி கழற்றிய கண்ணோடு.
சரி, போணி இதுதான் என்று
புதியதை நீட்டி அமுக்கினேன்.
யோசித்தது.
அதற்குள் பாக்கி கொடுக்க
ஃபைரோஸ் டிராயரைத் திறந்துவிட்டான்.

படத்தில் ஓரமாகக் கறுப்புப் பட்டை, அரை வார்.
மீதி முழுக்க,
சில்லறைக்குக் குனிந்த ஒரு உச்சந்தலை.