நாமினி

பத்தாம் தேதி பதினோராவது தவணை கட்டியாயிற்று.
இன்னும் இருபத்தைந்து.
பதினோராம் தேதி காலை
கேத்தி தபால் நிலையத்தில் நிற்கிறேன்
ஐந்து நூறு ரூபாய்த் தாள்களோடு.
ஒன்றில் பாலாடா மண் காய்ந்திருக்கிறது.

பிளாஸ்டிக் உறைக்குள் மக்கள் நீதிமன்ற உத்தரவு.
யாராவது கேட்டால் காட்டலாம்.
கேட்பார்கள் என்றுதான்
ஏற்றம் முழுக்க மூச்சிரைக்க ஒத்திகை:
ஆமாங்க, கடன் இருக்கு.
இல்லைங்க, ஓடிப்போகலை.
கேரட் கழுவுற மிஷின் வாங்கினேன்.
வாங்கின வருசம் மழை, மறு வருசம் விலை.
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன மூட்டை
லாரி வாடகைக்கே காணலை.
மிஷினை வித்துட்டேன்.
அதே மிஷின்லதான் இப்பக் கூலிக்கு நிக்கிறேன்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்,
ஒரு மாசம் தவறினா
பழைய தொகை மொத்தமும் வட்டியோட வரும்மா.
அதற்குத்தான் இந்தக் கணக்கு.
மண் சரிந்தால் லாரி வராது,
லாரி வராவிட்டால் கூலி வராது,
பத்தாம் தேதி மட்டும் வந்துவிடும்.

அதற்கு மட்டும்தானா என்றால்
இல்லை.
கீழ்வரிசையில் இரண்டு பல் கட்ட வேண்டும்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
கட்ட வேண்டியதைக் கட்டாமல்
கடன்காரி பல் கட்டுகிறாள் பார் என்பார்கள்.

கவுண்டரில் சமவெளிப் பெண்.
இரண்டு ஸ்வெட்டர், மூக்கு நுனி சிவப்பு.
படிவத்தை எனக்காக அவளே நிரப்பினாள்.
பெயர்?
தனபாக்கியம்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்கே இன்னொரு நூறு போட்டிருக்கலாம்.

கட்டம் கட்டமாகக் கேட்டாள்.
கடன் உண்டா என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை.

கருவியில் கட்டைவிரல் வைத்தேன். சிவப்பு விளக்கு.
இடது கை. சிவப்பு.
தலைமுடியில தேய்ச்சுட்டு வைங்கக்கா.
தேய்த்தேன். சிவப்பு.
ஆறு வருடம் ராத்தண்ணீரில்
கேரட் தோலோடு என் ரேகையும் போயிருக்கிறது.
கடன் பத்திரத்தில் மட்டும் எவ்வளவு அழகாக விழுந்தது,
குட்டையில் கல் போட்டதுபோல்
வட்டத்துக்குள் வட்டமாய்.
கடைசியில் மோதிர விரல் காப்பாற்றியது.
மோதிரம்தான் இல்லை.

நாமினி யாருக்கா?

புருஷன் திருப்பூர் போய் நாலு வருசம்.
அந்தப் பெயர் வாய்வரை வந்து திரும்பிக்கொண்டது.
லில்லி புஷ்பம் என்றேன்.
உறவு?
ஜாமீன் என்று அந்தக் கட்டத்தில் எழுத முடியாது.
அக்கா என்றேன்.
பிறந்த தேதி?
தடுக்காமல் சொன்னேன்.
ஜாமீன் படிவத்தை நிரப்பியவளே நான்தான்.
அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்.
எங்கே போட வேண்டும் என்று
விரல் வைத்துக் காட்டியதும் நான்.

வங்கி நோட்டீஸ் போனது அவள் வீட்டுக்கும்.
எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.
திட்டவில்லை.
தாளை என் கையில் கொடுத்தாள்,
குடையை விரித்தாள்,
தோட்டத்துப் படியில் இறங்கிப் போனாள்.
திட்டியிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன்,
இந்நேரம் தீர்ந்திருக்கும்.

பாஸ்புக் சூடாக வந்தது.
மெஷின் சூடு, ஸ்வெட்டருக்குள் வைத்ததும் ஆறிவிட்டது.
இருப்பு ஐந்நூறு.
உத்தரவை வைத்த உறையில் இதை வைக்க மனசில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது.
தொட்டிக்குக் கிழக்கே அவள், மேற்கே நான்.
மூன்று வருடமாய் இப்படித்தான்,
நடுவில் கேரட் மட்டும் போய்வருகிறது.
லைட்டைச் சுற்றி மூடுபனி.
சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன்.
ஆனால் எப்படித் தொடங்குவது?
நான் செத்தா
உனக்கு ஐந்நூறு ரூபா வரும் லில்லி, என்றா?

உடைந்த கேரட் ஒன்றை
அவள் என் பக்கத்துக் கூடைக்கு வீசினாள்.
குறி தவறித் தண்ணீரில் விழுந்தது.
எடுத்துப் போட்டேன்.