தொண்ணூறு

ஐஸ்பிராண்டின் பெயர் அவர்கள் மொழியில்
இரண்டு எழுத்தால் தொடங்கும். எண்ணும்போது ஒன்று.
நம் ஐ-யைப் போலத்தான்:
உள்ளே அ-வும் இ-யும், வெளியே ஒற்றைக் கதவு.
வங்கிப் படிவங்களுக்கு இது விளங்குவதில்லை.
முதலாவதைப் பெரிதாக்கி
இரண்டாவதைச் சின்னதாக்கி அனுப்பும்.
நாற்பத்திரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறான்.

அதனாலோ என்னவோ
திரையில் குறிகள் ஒட்டிக்கொள்வது அவனுக்கு ஆகாது.
அவன் எழுத்துருவில் ஆளுக்கொரு கட்டம்.
குச்சி எழுத்துக்கும் குண்டு எழுத்துக்கும் ஒரே அகலம்,
தோள் உரசக் கூடாது.

பக்கத்து மேசை வீட்ஸ்கா,
சாக்கடைப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவள்.
அவள் திரையில் ஆச்சரியக்குறியும் சமக்குறியும்
அடுத்தடுத்து விழுந்தால்
குறுக்கே வெட்டுப்பட்ட ஒரே குறி.
மூன்று சமக்குறி விழுந்தால்
மூன்று கம்பி வேலி.

"அடித்தது இரண்டு, தெரிவது ஒன்று,
சேமிப்பது மறுபடி இரண்டு.
யாரை ஏமாற்றுகிறாய்?"
"கண்ணை மட்டும்" என்றாள்,
ஆப்பிளைக் கடித்தபடி.

அக்டோபர் கடைசி. மூன்று நாள் மழை.
லேவார்டனுக்கு வடக்கே
கடலைவிடத் தாழ்ந்த வயல்கள்.
பம்பு இறைத்தால்தான் அங்கே தரை என்று ஒன்று உண்டு.
இரவு இரண்டரைக்கு நீஸ்கா ஹூக்மா போன் செய்தாள்:
"என் ஆடுகள் கரைமேல் ஏறி நிற்கின்றன.
உங்கள் பம்பு ஏன் பேசவில்லை?"

பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நீர்மட்டம்: தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு.
கடலுக்கு மேலே தொண்ணூறு சென்டிமீட்டர்!
உண்மையென்றால் நீஸ்கா
கூரையிலிருந்து பேசியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, கோட்டை மாட்டிக்கொண்டே
அவன் எழுதிய வரி:

மட்டம்<-90 என்றால் நிறுத்து

பதினோரு முறை படித்தான்.
சிறியது, பிறகு கழித்தல், பிறகு தொண்ணூறு.
பதினோரு முறையும் சரி.

வீட்ஸ்கா தன் மடிக்கணினியில் திறந்தாள்.
"இங்கே ஓர் அம்பு இருக்கிறதே."
"அம்பு இல்லை."
"வந்து பார்."

ஒரே வீச்சில், இடைமுறியாமல்,
தொண்ணூறிலிருந்து மட்டத்தை நோக்கி ஓர் அம்பு.
கேட்கவில்லை அந்த வரி, ஊற்றியிருக்கிறது.
கேள்வி என்று அவன் நினைத்த இடத்தில்
ஆர் மொழிக்கு அது கட்டளை.
பிரித்தால் பல கை, சேர்த்தால் பலகை:
அவன் கைகளை எண்ணிக்கொண்டிருந்தான்,
கணினி பலகையை வாங்கிப் போய்விட்டது.

ஒரே ஓர் இடைவெளி தட்டினான்.
அவள் திரையில் அம்பு முறிந்து
முனை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்.
நாலு பத்துக்குப் பம்பு இருமியது.

இத்தோடு முடிந்திருந்தால்
வீட்ஸ்காவுக்கு நல்ல கதை.
அடுத்த செவ்வாய் வேறொரு கோப்பு, வேறொரு மொழி,
அதே இரு குறிகள், அதே அம்பு.
அங்கே அது வெறும் சிறியதும் கழித்தலும்தான்.
அவள் பதறி, ஓடும் பம்பை நிறுத்தி
மூன்று பேரை எழுப்பினாள்.
எழுத்துருவுக்கு இலக்கணம் தெரியாது.
பக்கத்தில் பக்கத்தில் நின்றால்
கட்டிவைத்துவிடும், சொந்தமா என்று கேட்காது.

இப்போது அலுவலகத்தில் விதி:
குறிக்கு இருபுறமும் இடம் விடு.
அவன் எழுத்துருவை மாற்றவில்லை. அவளும்தான்.

போன வாரம் சம்பளச் சீட்டு வந்தது.
பெயர் முதல்முறையாகச் சரி, இரண்டும் பெரிசு,
ஒட்டி நிற்கின்றன, அழகாக.
ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தான். அப்போதும் தெரியவில்லை.
சுட்டியை அவற்றின் வலப்பக்கம் வைத்து
இடது அம்பை ஒருமுறை அழுத்தினான்.

நடுவில் நின்றது.