கார்வை வேண்டாதவன்

"சீக்கிரம் சாகிற ஒலி வேண்டும்" என்றான் எலிசேயோ,
ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்தபடி.
கிரனாதாவில் ஜனவரி.
என் பசைச் சட்டிக்கும் அவன் விரல்களுக்கும்
ஒரே விறைப்பு.

கார்வைக்காகவே காசைக் கொட்டுகிறவர்களைத்தான்
இதுவரை எனக்குத் தெரியும்.
ஒரு சுரத்தை மீட்டிவிட்டு
எதிர்முனையில் காபி குடித்து வந்தாலும்
அது அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் அவர்களுக்கு.
ரோஸ்வுட் கேட்பார்கள். கொடுப்பேன்.

இவன் தன் அக்காவுக்கு வாசிக்கிறவன்.
அரசேலி ஆடும்போது
ஒரு குதிகால் விழுவதற்கும் மறு குதிகால் விழுவதற்கும் நடுவே
ஓர் எள் விழத்தான் இடமிருக்குமாம்.
"அந்த எள்ளின் இடத்தில் நுழைந்து
நான் வெளியேறிவிட வேண்டும்.
போன சுரம் வாசலிலேயே நின்றால்
அவள் இடறுவாள்."

ஆகவே சைப்ரஸ்.
கல்லறைத் தோட்டத்துச் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டியது,
பதினோரு வருடம் என் பரணில் காய்ந்தது.
வெளிறிய மஞ்சள். சீவினால் மூக்கில் மிளகு ஏறும்.
ஓரத்தை இரு விரலால் தூக்கிப் பிடித்து
முட்டியால் தட்டினேன்.
டக்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள் மாதிரி.
"இவன்தான்" என்று சிரித்தான்.

மேல்பலகைக்கு ஆல்ப்ஸ் மலை ஸ்ப்ரூஸ்,
ஒரு விரலகலத்துக்குள் இருபது பனிக்காலம்.
கழுத்துக்கு ஹோண்டுராஸ் செடார், சுருட்டுப் பெட்டி வாசனையோடு.
விரற்பலகைக்குக் கருங்காலி:
கோடரிக்குக் காம்பாகிக் கெட்ட பெயர் வாங்கிய மரம்.
பத்தொன்பது மெட்டுகளைச் சுமக்கிறபோது
காட்டிக்கொடுக்க அதற்கு நேரம் ஏது.
குதிரையைத் தாழ்த்தினேன், இரண்டு மில்லிமீட்டர்.
தந்திகள் பலகையோடு ஒட்டிப் பேசட்டும்.

குதிரைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சூடான குழாயில்
இடது விலாவை வளைத்துக்கொண்டிருந்தேன்.
இடுப்பு வளைவில்
பிஸ்கட் உடைகிற சத்தம்.
நான் உரக்கச் சொன்ன வார்த்தைக்கு
எதிர்க்கடைச் செருப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.
அந்த மரத்தில் வேறு பலகை இல்லை.

இரண்டு நாள் பிருடைகளைச் சீவினேன்,
சீவியதையே மறுபடி சீவினேன்.
பிறகு இன்னொரு சைப்ரஸ், இன்னோர் ஊர்க்காற்றில் வளர்ந்தது,
சற்றே சிவப்பு.
வளைந்தது.
சாயமேற்றி மறைத்திருக்கலாம்,
அரக்கு மெருகுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.
சாயக் குப்பியைத் திறந்தேன். மூடினேன்.

ஏப்ரலில் வந்தான், அக்காவோடு.
பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்:
இரண்டு விலாவும் ஒரே மரமில்லை,
வேண்டாமென்றால் முன்பணம் இதோ.
அவன் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அரசேலிதான் செருப்பைக் கழற்றி
மரத்தூளில் இறங்கி நின்றாள்.
"என் இடது பாதம் வலதைவிட அரை அளவு சிறியது.
முப்பது வருடமாக இரண்டு ஜோடி வாங்கி
இரண்டில் ஒவ்வொன்றைத் தூக்கிப் போடுகிறேன்.
மேடைக்குக் கீழே உட்கார்ந்த ஒருவனும்
அதைக் கேட்டதில்லை."

அவன் வாசித்தான்.
புதுத் தந்திகள், சுருதி நிற்கவில்லை,
நான்காவது பிருடை வழுக்கியது.
ஆனாலும் ஒவ்வொரு சுரமும்
வந்தது, அடித்தது, கதவைச் சாத்திக்கொண்டு போனது.
சாத்திய கதவுகளுக்கு நடுவே
அவள் வெறுங்கால்.

பணத்தில் பாதியை எண்ணி வைத்தான்.
மீதி ஜூனில் என்றான்.
அந்தக் கார்வை மட்டும்
எனக்குப் பழக்கம்தான்.