அரை டப்பா வெள்ளை

கடைப்பெயர்களில் பிரெஞ்சு கூடாது
என்று ஒரு தாள் வந்தது.
ஸாவர் ஆற்றின் இந்தக் கரையில்
தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.
பத்தொன்பது பலகைகள். பலகைக்கு இரண்டு மார்க்.
வாங்கிக்கொண்டேன்.

ரொட்டிக்கடையில் ஏணியைப் பிடித்துக்கொண்டவள் ஒடீல் வைடர்ட்.
பதிவேட்டில் அவளையும் மாற்றியிருந்தார்கள்: ஒட்டிலியே.
அப்படிக் கூப்பிட்டால்
இரண்டாம் முறைதான் திரும்புவாள்.
இறங்கும்போது வாய் தவறி ‘மெர்சி’ என்றேன்.
அந்தச் சொல்லுக்கும் அபராதம்.
தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு
சூடு ஆறாத பன் ஒன்றைக் கையில் வைத்தாள்.

செப்டம்பரில் அமெரிக்கர்கள் வந்தார்கள்.
டாங்கிகள்மேல் பிளம் பழங்களை எறிந்தோம்,
கருநீலச் சாறு இரும்பில் வழிந்தது.
ஒடீலின் பரணிலிருந்து அவள் தம்பி அலோய்ஸ் இறங்கினான்:
ஜெர்மன் படைக்குப் போகாமல்
பதினாறு மாதம் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தவன்.
ஊரே கத்தியது.
அவனும் வாயைத் திறந்தான்
கிசுகிசுப்புத்தான் வந்தது.

என் பூச்சு எப்போதோ மழையில் உரிந்து
அடியிலிருந்த பிரெஞ்சு எட்டிப் பார்த்தது.
“வேண்டுமென்றேதானே மெல்லிசாய்ப் பூசினாய்?”
என்று தோளில் தட்டி பியர் ஊற்றினார்கள்.
அந்த வருடம் ஆளி எண்ணெய் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.
சொல்லவில்லை. குடித்தேன்.

டிசம்பரில் அவர்கள் திரும்பி வந்தார்கள்.
பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே ஒடீல் கதவைத் தட்டினாள்.
பலகையை மறைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
“வெள்ளை இருக்கிறதா?” என்றாள்.
இருந்தது, அரை டப்பா.

அலோய்ஸின் கறுப்புக் கோட்டை மேசையில் விரித்தோம்.
முதுகு, கைகள், காலர்.
இந்த முறை கெட்டியாகப் பூசினேன்,
இழை தெரியாமல், மிச்சம் வைக்காமல்.
காய நேரமில்லை.
ஈரத்தோடே போட்டுக்கொண்டு
‘மெர்சி’ என்றான், அதே கிசுகிசுப்பில்.
மேற்கே, பனி மூடிய வயலில் இருபது அடி போனான்.
பிறகு வயல்தான் தெரிந்தது.

ஜனவரியில் மறுபடி விடுதலை.
எறிவதற்குப் பழம் இல்லை.
ரொட்டிக்கடை இல்லை, பலகை இல்லை,
கத்தவும் யாரும் முன்வரவில்லை.
படுக்கை விரிப்புகளைப் போர்த்திக்கொண்டு
வரிசையாக வந்தார்கள் அமெரிக்கர்கள்,
தலை முதல் முழங்கால் வரை வெள்ளை.

சாலையோரம் நின்ற ஒடீல்
ஒவ்வொரு வெள்ளைக்குள்ளும்
குனிந்து குனிந்து
முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.