பின்பக்கம்

முன்னால் அவள் முகம். அதற்கு ஆறு கலர், ஆறு பிரேம்.
பின்னால் வெள்ளை மட்டும்:
அவள் பாடிய ஊர்கள், வருஷத்தோடு,
பிடரியிலிருந்து இடுப்புவரை.

கறுப்பு ரவுண்ட் நெக், நாலாயிரம் பீஸ்.
ருமேனியாவில் ஒரு பாட்டுக்காரி மேடையைவிட்டு இறங்குகிறாளாம்,
கடைசி ராத்திரி வாசலில் வைத்து விற்க.
பேர் ருக்சாந்திரா ட்சுர்கானு.
வீரபாண்டிப் பிரிவில் எங்கள் யாருக்கும்
அது ஒரே மூச்சில் வரவில்லை.

1979 கலாட்சி. ஆற்றோரத்துத் துறைமுகமாம்,
அப்பன் கப்பலுக்கு வெல்டிங் வைத்தவனாம்.
1983 புகாரெஸ்ட். 1988 வியன்னா.
மிலான், லண்டன், நியூயார்க்.
எங்கள் அட்டைப்பெட்டிகள் போகிற ஊராகவே
அவளும் பார்த்துப் போயிருக்கிறாள்.

2001 பாரிஸ்.
அடுத்த வரி 2006, க்ளூஜ்.
வரி விட்டுப்போச்சுங்களா என்று மெயில் போட்டோம்.
விடவில்லை, அப்படியே அடியுங்கள்,
அப்போது அவருக்குக் குரல் இல்லை என்று பதில் வந்தது.
நான் ஸ்கேல் வைத்து அளந்தேன்.
மற்ற வரிகளுக்கு நடுவே எட்டு மில்லி.
இங்கேயும் எட்டுதான்.

பிரேமைக் கழுவிக் காயவைத்து
லைட் டேபிளில் ஊசிக்கண் தேடுவது என் வேலை.
தூசி நின்ற இடத்தில் வெளிச்சம் கசியும்.
பிரஷ்ஷால் தொட்டு அடைக்க வேண்டும்.
டீ எழுத்தின் காலடியில் கடுகத்தனை வெளிச்சம்,
பேரில் ஒன்று,
கலாட்சியில் ஒன்று,
கடைசி வரியில், 2019, மறுபடி கலாட்சி, அங்கே ஒன்று.
மூன்றையும் அடைத்தேன்.
சுத்தமான கை என்று எனக்குப் பேர்.

கமாவாம் அது. அவர்கள் எழுத்துக்குக் கீழே நிற்குமாம்.
இருந்தால் ட்ச. இல்லாவிட்டால் ட.
க்-குக்குப் புள்ளி வைக்க மறந்து
ரெண்டாங்கிளாஸில் முட்டியில் அடி வாங்கினவனுக்கு
இது தோன்றியிருக்க வேண்டும்.
பேக்கிங் பையன் கலாட்டா என்று படித்துச் சிரித்தான்.
முதலாளி சிவகிரிநாதன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.
போனஸில் பாதி போச்சு. நியாயந்தான்.

அஞ்சு ராத்திரி, மறுபடி நாலாயிரம்.
கப்பலுக்கு நேரமில்லை, கோயமுத்தூரில் விமானம் ஏற்றினோம்.
மூணாம் ராத்திரி, அவன் சூட்டுக்குப் பக்கத்தில்,
செக்கிங் ரஞ்சிதமணி போனில் அவள் பாட்டைப் போட்டாள்.
என்ன பாஷையோ.
ஏறுது, ஏறுது, இதுக்கு மேல படி இல்லைங்கிற இடத்தில்
கப்புனு நின்று
சின்னதாக ஒரு மூச்சு.
அப்புறம் இன்னும் ஒரு படி.
"கேட்டீங்களாண்ணா, மேல போனதை?" என்றாள்.
எனக்குக் கேட்டது அந்த மூச்சு.

முதல் நாலாயிரம் காதர்பேட்டைக்குப் போனது.
செகண்ட்ஸ், பீஸ் நாப்பது ரூபாய்.
இப்போது அவளைப் பார்க்காத நாளில்லை.
குன்னத்தூர் சந்தையில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் பாதி முகம்.
பிஏபி வாய்க்காலில் குதிக்கப்போகிற பையன்
தலைவழியாக அவளைக் கழற்றிக் கரையில் எறிகிறான்.
முகம் வெடித்துவிட்டது, ஆறு கலரும்.
பின்பக்க வெள்ளை அப்படியே இருக்கிறது. நல்ல மைதான்.

நேற்று புஷ்பா தியேட்டர் சிக்னலில்
எனக்கு முன்னால் ஒரு மொபெட்,
ரெண்டு பக்கமும் இளநீர்க் குலை.
ஓட்டியவர் முதுகில் நாற்பது வருஷம், வேர்வையில் ஒட்டி.
மேலிருந்து கீழே படித்தேன்.
பச்சை விழ இன்னும் பதினோரு விநாடி.
அவர் கை பின்னால் வளைந்து போய்
பாரிசுக்கும் க்ளூஜுக்கும் நடுவே
சொறிந்தது.